கணினி கேள்வி–பதில்: குட்டி சிபியுவுக்குள் என்னென்ன சேர்க்கலாம்?

லெனோவோவின் டைனி, டெல்லின் மைக்ரோ, ஹெச்.பி.யின் மினி. பெட்டியின் கொள்ளளவே ஒரு லிட்டர் சுமார் என்பதால் ஒரு லிட்டர் கணினிகள் எனப்படும் இவற்றைப் பற்றித்தான் இந்த முறை ஏராளமான கடிதங்கள். காரணம் தெரிந்ததே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்டெல் ஆறாம் தலைமுறை சிப்பும் ஏழாம் தலைமுறையில் பெரும்பாலானவையும் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. அதனால் அலுவலகங்கள் இவற்றைக் கழிக்கின்றன. சென்னை ரிச்சி தெரு மாதிரி செகண்ட் ஹேண்ட் சந்தைகளில் அவை வந்து குவிகின்றன. நன்றாக உழைக்கக்கூடிய கணினிகள். பழைய இரும்புக்குப் போகாமல் யாரோ ஒருவர் வீட்டிலோ கடையிலோ இன்னும் பல வருடம் ஓட வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கும்பகோணத்தில் ஸ்டூடியோ நடத்தும் வாசகர்: மேடம், லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் 10 ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) நெட்வொர்க் கார்டு போட்டு, இரண்டு ஹார்டுடிஸ்க்கும் சேர்த்து, எடிட்டிங் செய்யும் மூன்று கணினிகளுக்கும் பொது சர்வராக வைக்கலாமா? ஒரு கல்யாணத்துக்குப் படம், வீடியோ எல்லாம் சேர்த்து 100 ஜி.பி. தாண்டிவிடுகிறது.

கார்டு மட்டும் என்றால் போடலாம். கார்டும் இரண்டு ஹார்டுடிஸ்க்கும் என்றால் அந்தப் பெட்டிக்குள் இடமில்லை.

மூடியைக் கழற்றிப் பாருங்கள். 2.5 அங்குல டிரைவ் உட்காரும் கூட்டை எடுத்தால் போர்டில் ஒரு நீள ஸ்லாட் தெரியும். குட்டிக் கணினிகளில் இது அபூர்வம்; எம்720க்யூ, எம்920க்யூ, எம்920எக்ஸ், பி330 டைனி ஆகியவற்றுக்கு இன்றும் கிராக்கி இருப்பது இதனால்தான். ரைசர் என்ற சிறு துணைப் போர்டை (லெனோவோவின் பாக எண் 01ஏஜே940) அதில் செருகினால் ஒரு பி.சி.ஐ.இ. கார்டை (கணினியின் போர்டோடு நேரடியாக இணையும் கூடுதல் கார்டு) படுக்கைவாக்கில் மாட்டலாம். அதற்கு எட்டுத் தடம் (பி.சி.ஐ.இ. லேன்; லேன் கேபிளில் வரும் லேன் வேறு) கிடைக்கும். இன்டெல் எக்ஸ்520, மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 போன்ற பழைய சர்வர் கார்டுகளுக்கு அது தாராளம். பின்பக்கத்துக்கு அந்தந்த கார்டுக்குப் பொருந்துகிற தகடும் வேண்டும். ரைசரை வாங்கிவிட்டுத் தகட்டை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

ஆனால் கார்டு உட்காரும் இடமும் டிரைவ் உட்காரும் இடமும் ஒன்றே. கார்டு போட்டால் டிரைவ் கூட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மிஞ்சுவது போர்டின் அடிப்பக்கம் உள்ள ஒரே ஒரு எம்.2 ஸ்லாட் (பட்டை போன்ற சிறு டிரைவ் செருகும் இடம்). எம்920எக்ஸிலும் பி330-யிலும் அப்படி இரண்டு உண்டு, உங்களுடையதில் ஒன்றுதான். அதாவது 10 ஜி வேகத்தில் போகிற வழியைத் திறந்துவிட்டு, அதன் பின்னால் ஒற்றை டிரைவை வைத்திருப்பீர்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் காசு போவது இங்கேதான். இப்போது உங்களிடம் இருக்கும் 1 ஜி வழியில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்.பி. சுமார் வரும். 100 ஜி.பி. நகர கால் மணி நேரம். 2.5 ஜி என்றால் நொடிக்கு 280 எம்.பி. சுமார், ஆறு நிமிடம். 10 ஜி வழி நொடிக்கு 1,100 எம்.பி. வரை தாங்கும். ஆனால் மறுமுனையில் சாட்டா எஸ்.எஸ்.டி. (பழைய ஹார்டுடிஸ்க் இணைப்பிலேயே ஓடும் எஸ்.எஸ்.டி.) இருந்தால் அதுவே 500-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். சுழலும் ஹார்டுடிஸ்க் இருந்தால் 180-ஐத் தாண்டுவதே பெரிது. அப்போது 10 ஜி கார்டு போட்டும் ஒன்பது நிமிடத்துக்குமேல் ஆகும், 2.5 ஜி போட்டாலும் அதே ஒன்பது நிமிடம்தான். எந்த இடத்தில் வேகம் தடைபடுகிறதோ அங்கே செலவு செய்யுங்கள். என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று சூடு. சர்வர் கார்டுகள், ரேக்கில் பெரிய விசிறிகள் ஊதுகிற காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. டைனியின் விசிறி பிராசசருக்கானது. கார்டு இருக்கிற மூலைக்குக் காற்று போதுமான அளவு போகாது. சித்திரை வெயிலில் கும்பகோணத்து மாடி அறையில் அந்த ஹீட்சிங்க்கின் மேல் விரல் வைக்க முடியாது. 10 ஜி-யை சாதாரண லேன் கேபிளில் ஓட்டுகிற எக்ஸ்540 வகைக் கார்டு இன்னும் மோசம், தனியாகவே 15 வாட்டுக்குமேல் எடுக்கும். எஸ்.எஃப்.பி.+ துளை (சாதாரண லேன் துளைக்குப் பதில் சர்வர் கார்டுகளில் வரும் வகை) உள்ள கார்டு போட்டு, பக்கத்திலேயே சுவிட்சை வைத்து, டி.ஏ.சி. என்கிற செம்புக் கேபிளால் இணைப்பதுதான் குறைந்த சூட்டுக்கு வழி. அப்போதும் 65 வாட் அடாப்டரை மாற்றி 90 வாட் போடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு வேறு. ரைசர் வேண்டாம். வை-ஃபை கார்டு செருகுகிற சின்ன எம்.2 ஸ்லாட் ஒன்று இருக்கிறது, ஏ+இ வகை. அதில் ஒரு பி.சி.ஐ.இ. தடம் வருகிறது. அந்த ஒரு தடமே 2.5 ஜி-க்குப் போதும். அதற்கென்றே 2.5 ஜி கார்டுகள் கிடைக்கின்றன: சிப் உள்ள துண்டு ஸ்லாட்டில் செருகப்படும், லேன் துளை உள்ள துண்டு ஒரு சிறிய கேபிளில் பின்பக்கம் வந்து உட்காரும். பின் தகட்டில் கூடுதல் போர்ட்டுக்காக விட்டிருக்கும் திறப்பில் அதைப் பொருத்தலாம்; கொஞ்சம் அரம் போட வேண்டிவரும், அல்லது 3டி பிரின்ட் செய்த சட்டம் வேண்டும். இப்படிச் செய்தால் டிரைவ் கூடு தப்பிக்கும். அடியில் எம்.2-வில் 2 டி.பி. என்.வி.எம்.இ. (பி.சி.ஐ.இ. வழி ஓடும் வேகமான எஸ்.எஸ்.டி.), மேலே கூட்டில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி., வழி 2.5 ஜி. மூன்று பேர் எடிட் செய்ய இது நல்ல பலம். 7 மி.மீ. தடிமனுக்கு மேற்பட்ட டிரைவ் அந்தக் கூட்டில் நுழையாது என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

கேபிளும் மிச்சம். 2.5 ஜி என்கிற தரம் 2016-இல் வந்ததே, ஏற்கெனவே சுவருக்குள் போட்டிருக்கும் கேட்5இ கேபிளில் 100 மீட்டர் வரை ஓட வேண்டும் என்பதற்காகத்தான். 10 ஜி-க்கு அதே தூரம் போக கேட்6ஏ கேட்கும். சாதாரண கேட்6-இல் 55 மீட்டர்தான் கணக்கு. சுவிட்சும் எடிட்டிங் கணினிகளும்கூட 2.5 ஜி-யாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். ஒருவருடைய கல்யாணத்தைத் திரும்ப நடத்திப் படம் எடுக்க முடியாது. இரண்டு டிரைவ் போட்டு ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் எழுதும்படி அமைத்துவிட்டு அதையே பேக்கப் என்று நினைத்துக்கொள்ளும் ஸ்டூடியோக்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். தினமும் கடை அடைக்கும்போது வெளி ஹார்டுடிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். இன்னொன்றை வீட்டில் வையுங்கள், வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். 10 ஜி கார்டுக்கு வைத்திருந்த பணம் இதற்குச் சரியாக இருக்கும்.

திருப்பூரிலிருந்து ஒரு கணக்காளர்: எம்.2 ஸ்லாட்டில் செருகினால் ஆறு சாட்டா போர்ட் தரும் கார்டு ஒன்றைப் பார்த்தேன். அதை எங்கள் அலுவலகக் குட்டி சிபியுவில் போட்டு ஐந்து பெரிய ஹார்டுடிஸ்க் இணைத்தால் மலிவான ஸ்டோரேஜ் சர்வர் ஆகிவிடும் அல்லவா?

வேண்டாம் சார். கார்டில் குறை இல்லை. ஏ.எஸ்.எம்.1166 சிப் உள்ளது ஆறு போர்ட் தரும், ஜே.எம்.பி.585 ஐந்து தரும். இரண்டும் நம்பிக்கையான சிப்புகளே. மின்சாரம்தான் எங்கிருந்தும் வராது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், சுழலத் தொடங்கும் கணத்தில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு டிஸ்க்குக்கு 24 வாட், ஐந்துக்கு 120. உங்கள் அடாப்டரோ மொத்தமே 65 வாட். தவிர, உள்ளே இருக்கும் டிரைவ் இணைப்பு 2.5 அங்குல டிரைவுக்காக வைத்தது.

வெளியே தனி பவர் சப்ளை வைத்து, மூடியைத் திறந்தே விட்டு, கேபிள்களைத் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தின் கணக்கு விவரங்களை அப்படி வைக்க என் மனம் ஒப்பவில்லை. டிஸ்க்குக்கும் கணினிக்கும் தனித்தனி மின்சாரம் என்றால், ஒன்று நின்று மற்றது ஓடும் நேரம் ஒன்று கட்டாயம் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் ஃபைல் போய்விடும். ஐந்து டிஸ்க் தேவை என்றால் அதே தலைமுறை டவர் கணினி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். டிஸ்க் வைக்க இடம், விசிறி, சரியான பவர் சப்ளை எல்லாம் கூடவே வரும்.

ஆனால் ஒரு கேள்வி. கணக்கு ஃபைல்களுக்கு உண்மையிலேயே ஐந்து டிஸ்க் வேண்டுமா? பத்து வருடத்துக் கணக்கும் பில் ஸ்கேன்களும் ஒரு 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யில் அடங்கிவிடுகிற அலுவலகங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் இருக்கிற குட்டி சிபியுவே போதும்.

கோவையில் பொறியியல் படிக்கும் மாணவி: அக்கா, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோவை ஃபயர்வாலாக (நெட் இணைப்புக்கும் வீட்டுக் கணினிகளுக்கும் நடுவே நிற்கும் காவல் பெட்டி) மாற்றப் பார்க்கிறேன். ஒரு லேன் போர்ட்தான் இருக்கிறது, பி.சி.ஐ.இ. ஸ்லாட்டே இல்லை. ஃபயர்வாலுக்கு இரண்டு போர்ட் வேண்டுமே?

ஒரு போர்ட்டிலேயே செய்யலாம் அம்மா, அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வேன். வி.லேன் (ஒரே கேபிளில் நெட்வொர்க்குகளைப் பிரித்து ஓட்டும் முறை) தெரிந்த ஒரு சின்ன மேனேஜ்டு சுவிட்ச், அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய சுவிட்ச், வாங்கு. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைச் சுவிட்சில் ஒரு போர்ட்டில் செருகி அதை வி.லேன் 10 என்று குறி. வீட்டுக் கணினிகள் எல்லாம் வி.லேன் 20. மைக்ரோவுக்குப் போகும் ஒற்றைக் கேபிளில் இரண்டும் தனித்தனி அடையாளத்தோடு போய் வரும். ஒரே கம்பியில் வெளியும் உள்ளும் ஓடுவதால் வேகம் பாதியாகும் என்று பயப்படுவார்கள். லேன் கேபிளில் போகவும் வரவும் தனித்தனி வழி இருப்பதால், நீ டவுன்லோடு மட்டும் செய்யும்போது முழு 1 ஜி-க்குப் பக்கத்திலேயே வரும். ஒரே நேரத்தில் முழு வேகத்தில் டவுன்லோடும் அப்லோடும் நடந்தால்தான் நெருக்கடி. 200 அல்லது 300 எம்.பி.பி.எஸ். இணைப்புக்கு அது உன் கண்ணிலேயே படாது.

இரண்டாவது போர்ட் இருந்தே ஆக வேண்டும் என்றால், மேலே ஸ்டூடியோக்காரருக்குச் சொன்ன வை-ஃபை ஸ்லாட் வழி உனக்கும் உண்டு. அப்போது எந்த மென்பொருள் போடப்போகிறாய் என்பதைப் பார். ஃபயர்வால் மென்பொருள்களான பி.எஃப்.சென்ஸ், ஓ.பி.என்.சென்ஸ் இரண்டும் ஃப்ரீ.பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுபவை, அங்கே ரியல்டெக் சிப் அடிக்கடி தொல்லை தரும், இன்டெல் சிப் உள்ளதை வாங்கு. லினக்ஸ் மேல் ஓடும் ஓபன்டபிள்யூ.ஆர்.டி. போடுவதானால் ரியல்டெக்கே போதும், விலையும் குறைவு. யு.எஸ்.பி. லேன் அடாப்டரை வீட்டில் பழகிப்பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஹாஸ்டலில் இருபது பேர் நம்பியிருக்கும் இணைப்புக்கு அதைப் போடாதே; யாராவது மேசையைத் துடைக்கும்போது இழுத்துவிட்டால் எல்லாருக்கும் நெட் போய்விடும்.

நான்கு போர்ட் கொண்ட இன்டெல் ஐ350 கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று நண்பர்கள் யாராவது ஆசை காட்டினால், அதற்கு முழு ஸ்லாட் வேண்டும் என்பதை நினைவில் வை. அந்தக் கார்டில் போலிகளும் நிறைய உலவுகின்றன. புதிது என்று சொல்லி நம்ப முடியாத விலைக்குத் தருவதைவிட, பழைய சர்வரிலிருந்து கழற்றிய, டெல் அல்லது ஹெச்.பி. ஸ்டிக்கரோடு இருக்கும் கார்டு எவ்வளவோ மேல்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும், லினக்ஸ் மேல் இயங்கும் மென்பொருள்) ஓடும் டைனியில் புதிதாக ஒரு கார்டு மாட்டினேன். கணினி ஆன் ஆகிறது, ஆனால் நெட்வொர்க்கே இல்லை. கார்டு போர்டைக் கெடுத்துவிட்டதா?

எதுவும் கெடவில்லை, நிம்மதியாக இருங்கள். லினக்ஸ் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பெயர் வைப்பது, அது போர்டில் எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பார்த்து. நீங்கள் புதிதாக ஒன்றைச் செருகியதும் வரிசை எண் தள்ளிப்போகலாம், நேற்றுவரை 'ஈ.என்.பி.1' என்று தொடங்கிய பெயர் இன்று 'ஈ.என்.பி.2' ஆகியிருக்கும். ப்ராக்ஸ்மாக்ஸின் பிரிட்ஜ் (மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க் போர்ட்டோடு இணைப்பது) பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது. மானிட்டரையும் கீபோர்டையும் இணைத்து, 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்து இப்போதைய பெயரைப் பார்த்து, நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஃபைலில் பழைய பெயர் வரும் இடங்களை எல்லாம் மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வந்துவிடும். என்.வி.எம்.இ. டிரைவ் சேர்த்தாலும் இதே நடக்கும். அடுத்த முறை வராமலிருக்க, லினக்ஸை இயக்கும் சிஸ்டம்டி-யின் லிங்க் ஃபைல் ஒன்று எழுதி, அந்தப் போர்ட்டுக்கே உரிய மேக் முகவரியோடு பெயரைக் கட்டிப்போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை: பள்ளிக்கூடத்து மினி கணினியில் யு.எஸ்.பி. ஹார்டுடிஸ்க் ஒன்றை இணைத்துப் பாடக் காணொளிகளை வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டிஸ்க் காணாமல் போய்விடுகிறது. கரண்ட் போய் வருவதும் உண்டு. ரவுட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யு.பி.எஸ்.ஸை இதற்கும் பயன்படுத்தலாமா?

டிஸ்க் பெட்டிக்குத் தனி அடாப்டர் இருக்கிறதா பாருங்கள் டீச்சர். யு.எஸ்.பி. கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் 2.5 அங்குல டிஸ்க் என்றால், முன்பக்கப் போர்ட்டிலிருந்து பின்பக்க 3.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள், கேபிளையும் குட்டையானதாக மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை கேபிளில்தான் இருக்கும். அடுத்தது தூக்க அமைப்பு: விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திவிடுங்கள். காணொளி பார்ப்பதற்கு மட்டும் என்பதால் யு.எஸ்.பி. டிஸ்க்கே உங்களுக்குப் போதும். பிள்ளைகளின் தேர்வுத்தாள், மதிப்பெண் போன்றவற்றை மட்டும் உள்ளே இருக்கும் டிரைவில் வையுங்கள்.

ரவுட்டர் யு.பி.எஸ். ஆகாது. அது பெரும்பாலும் 12 வோல்ட் தருவது. லெனோவோ டைனிக்கு 20 வோல்ட், டெல்லுக்கும் ஹெச்.பி.க்கும் 19.5. சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். பெரிய கணினிக்குச் சில நிமிடம் மட்டுமே தாங்கும் அதே யு.பி.எஸ்., சும்மா இருக்கும்போது 10, 15 வாட் மட்டும் எடுக்கும் மினிக்கு நெடுநேரம் தாங்கும். மின்வெட்டு உள்ள ஊர்ப் பள்ளிகளுக்கு இந்தக் கணினிகளை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

சேலம் வாசகர்: செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறேன். கடையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

விரிவாக்கும் எண்ணம் இருந்தால் எட்டாம் தலைமுறையிலிருந்து பாருங்கள். கோர் ஐ5-8500டி என்றால் ஆறு கோர், 35 வாட், விண்டோஸ் 11 பட்டியலிலும் உண்டு. லினக்ஸ் மட்டும் போடுவீர்கள் என்றால் ஆறாம், ஏழாம் தலைமுறையே மலிவு. ஆனால் லெனோவோ எம்710க்யூவில் அந்த நீள ஸ்லாட் கிடையாது, பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். இரண்டு எம்.2 டிரைவ் உள்ளேயே வேண்டுமானால் ஹெச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி நல்ல தேர்வு.

கடைக்காரர் முன்னாலேயே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டிரைவ் கூடும் அதன் சாட்டா கேபிளும் இருக்கின்றனவா? அலுவலகத்தில் டிஸ்க்கைப் பிடுங்கும்போது இவை இரண்டும் சேர்ந்து போய்விடுவது வழக்கம். அந்த மாடலுக்கே உரிய கேபிள் என்பதால் தெருவில் தேடினால் கிடைக்காது. எம்.2 டிரைவை இறுக்கும் குட்டித் திருகைக்கூடப் பாருங்கள். பிறகு ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போக முடிகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கணினி வேண்டாம், எவ்வளவு விலை குறைத்தாலும்.

மதுரையிலிருந்து: மைக்ரோவின் அடாப்டர் போய்விட்டது. கடையில் அதே வோல்ட், அதே பின் என்று ஒன்று தந்தார்கள். கணினி ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம். டிரைவ் சேர்த்ததால் இப்படியா?

டிரைவ் காரணம் இல்லை. டெல் அடாப்டரின் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். தான் எத்தனை வாட் என்பதை அடாப்டர் அதன் வழியாகத்தான் கணினியிடம் சொல்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால் கணினி பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆன் ஆகும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் ஒரு வரியும் வந்து போகும், கவனித்துப் பாருங்கள். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு டெல் ஒரிஜினல் 65 வாட் பழையது ஒன்று வாங்குங்கள். டிரைவோடு வேறு ஏதாவது சேர்க்கும் எண்ணம் இருந்தால் 90 வாட்டாகவே வாங்கிவிடுங்கள்.